மரம் சாயும் முன்

விழக்கூடும் என்ற அச்சத்துக்காக உயிருள்ள ஒரு மரத்தை வெட்டலாமா? கோல்ஃப் மைதானத்தில் இதற்கு விடை சுலபம். ஆட்டக்காரர்கள் நின்று பந்தடிக்கும் இடத்தருகே உளுத்த மரம் இருந்தால் கிளையைக் கழிப்பார்கள், அல்லது மரத்தையே எடுத்துவிடுவார்கள். அதே அளவு உளுத்த இன்னொரு மரம் யாரும் போகாத ஓரத்தில் நின்றால் விட்டுவைக்கலாம். அதன் பொந்தில் ஆந்தை குடியிருக்கும். மரம் எவ்வளவு பலவீனமானது என்பதோடு, அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே ஆபத்தை அளக்கிறார்கள்.

வடசென்னையின் மூலக்கொத்தளத்தில் அப்படி ஓர் ஓரம் ஏது? நெருக்கியடித்த வீடுகளுக்கு நடுவே நிழல் என்பது மரத்தடி மட்டும்தான். மொழிப்போர் ஈகியர் நடராசனும் தாளமுத்துவும் துயிலும் இடுகாட்டுக்குச் சவத்தோடு வருகிறவர்களும் நிழல் பார்த்துத்தான் ஒதுங்குவார்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு மரம் வெறும் நிழலும் அல்ல. பக்கத்தில் திருவொற்றியூர். தாம் மணக்கும் சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் அங்கே மகிழ மரத்தடியில், சிவன் எழுந்தருளிய இடத்தில், சத்தியம் செய்தார். மீறிப் போனதும் கண் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம். இன்றும் மாசித் திருவிழாவில் அதன் நினைவாக மகிழடி சேவை நடக்கிறது. இந்த நம்பிக்கையில் வளர்ந்தவர்களுக்குக் கோடாரியை எடுக்கக் கை கூசும். நல்ல கூச்சம் அது. ஊருக்குள் அரசும் வேம்பும் மிஞ்சியிருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் மரத்தை மனித உயிருக்கு மேலே வைத்தவனைத் தமிழ் மன்னித்ததில்லை. நன்னன் என்ற மன்னனின் காவல் மாமரத்திலிருந்து ஆற்றில் மிதந்து வந்த காயை ஒரு பெண் தின்றாள். ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருவதாக அவள் தரப்பினர் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை, அவளைக் கொன்றான். அவன் நரகத்துக்குப் போனதைக் குறுந்தொகையில் பரணர் வசையாகவே பாடிவைத்திருக்கிறார்.

2022 ஜூலை 8 அன்று சண்டிகரில், பள்ளி வளாகத்தில் நின்ற அரச மரம் சாய்ந்தது. சுமார் 250 வயது, பாரம்பரிய மரம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உணவு இடைவேளையில் அதன் அடியில் இருந்த மாணவிகளில் ஒருத்தி இறந்தாள், பலர் காயமடைந்தார்கள். அந்த மரத்துக்குப் பட்டம் கிடைத்திருந்தது. வேண்டிய கவனிப்பு கிடைக்கவில்லை.

கும்பிடுவது வேறு, பேணுவது வேறு. அனுராதபுரத்துப் போதி மரத்தின் கிளைகளுக்குப் பொன்முலாம் பூசிய முட்டுக்கால்கள் கொடுத்திருக்கிறார்கள். பிக்குகள் பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்று விநய விதி சொல்கிறது. முட்டுக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பட்டுப்போன கடம்பின் அடிமரத்தைக் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மரம் உயிரோடு ஓங்கி நின்றால்தான் அதற்கு மரியாதை என்றில்லை.

நம் தெருக்களில் நடப்பதோ நேர்மாறு. மரத்தின் கழுத்துவரை சிமென்ட் பூசுகிறோம். மழைநீர் வடிகால் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை அறுத்துவிடுகிறோம். மின்கம்பியில் உரசுகிறது என்று ஒரே பக்கமாய்க் கிளையை வெட்டுகிறோம். பிறகு அது சாய்ந்தால் பழியைப் புயல்மேல் போடுகிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேர் பரவ இடமில்லாத மரம் அந்தக் காற்றை எதைப் பிடித்துக்கொண்டு தாங்கும்?

பார்க்காமல் வெட்டுவது பாவம். தெரிந்தும் விட்டுவைத்து ஒருவர் மேல் விழச் செய்வது அதைவிடப் பெரிய பாவம். கிளை கழித்து, முட்டுக் கொடுத்து, வேருக்கு மண் விட்டும் தேறாத மரத்தை, அனுமதி வாங்கி வெட்டத்தான் வேண்டும். அதன் பெயரில் இன்னொன்றை நட வேண்டும், வேர் ஓட இடம் விட்டு.

உங்கள் தெரு மரத்தின் அடியில் காளான் பூத்திருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா, புதிதாய்ச் சாய்வு தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐப்பசி மழைக்குக் காத்திராமல் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள்.