கட்டுபடி

‘கட்டுபடியாகாது’ என்பது கடைக்காரனுடைய சொல். கேட்கிற விலைக்குக் கொடுத்தால் முதலுக்கு மோசம் என்று தெரிவிக்க அவன் உபயோகிப்பது. காப்பிக்கொட்டைக்கு விலை பேச வாழவந்திக்கு ஏறி வருகிற வியாபாரியும் இதையேதான் சொல்கிறான். கொடுக்கிற தோட்டக்காரனும் இதையேதான் சொல்கிறான். இரண்டு பேரும் எழுந்து போக முடிகிறவரை இந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. ஒருவனால் எழுந்து போக முடியாது என்று ஆகிவிட்டால் அங்கே நடப்பது பேரம் அல்ல, வேறு ஏதோ ஒன்று.

வியாதியைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறோம். இன்சுலின் கட்டுபடியாகுமா, மாத்திரை கட்டுபடியாகுமா, ஓர் அரசாங்கத்துக்கு இத்தனை கோடி கட்டுபடியாகுமா என்று. இதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சில் இன்னொரு சொல் இருக்கிறது: ‘முடியல.’ உடம்பு முடியல என்றாலும் அதுதான், வாங்க முடியல என்றாலும் அதுதான். வியாதியும் வறுமையும் ஒரே வினைச்சொல்லில் வந்து நிற்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷங்கள் ஆகின்றன. பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் வருகிறது. காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்கிறேன். குளிர்சாதனப் பெட்டி இல்லாத நாட்களில் மண்பானைக்குள் மருந்து பாட்டிலை வைத்திருந்தேன். இந்த மலைக்கு அது போதும். சேலத்துச் சித்திரையில் போதாது. ஆகவே மருந்து எனக்குக் கட்டுபடியாகிறது. சீதோஷ்ணமும் சகாயம் செய்கிறது. இந்தச் சௌகரியத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்சுலினின் கதையிலேயே ஒரு தார்மீகக் கேள்வி இருக்கிறது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அதை முதன்முதலில் செலுத்தினார்கள். அதுவரை அந்த வயதில் இந்த வியாதி வந்தால் பட்டினி போட்டுச் சாவைச் சில மாதம் தள்ளிவைப்பதுதான் வைத்தியம். மறு வருஷம் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவனுக்கு இது தகாது என்று பாண்டிங் தன் பெயரைச் சேர்க்கவே தயங்கினார். அந்த ஒரு டாலரைத் தியாகம் என்று கொண்டாடுவது நம் வழக்கம். எனக்கு அது தியாகமாகப் படவில்லை. எழுந்து போக முடியாதவனிடம் விலை பேசக் கூடாது என்கிற சாதாரண கூச்சம் அது.

அந்தக் கூச்சம் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் 1996-இல் வந்த ஒரு புதுவகை இன்சுலின் பாட்டில் அப்போது 21 டாலர் அளவில் விற்றது. இருபது வருஷத்தில் அதுவே 275 டாலரை எட்டியது. பாட்டிலுக்குள் இருந்தது மாறவில்லை. 2019-இல் மினசோட்டாவிலிருந்து ஒரு கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு எல்லை தாண்டி, கனடாவில் லண்டன் என்கிற ஊருக்கு மருந்து வாங்கப் போயிற்று. 1920-இல் பாண்டிங்குக்கு அந்த யோசனை தோன்றியது அதே ஊரில்தான். பிறகு 2022-இல் சட்டம் வந்தது. 2023 முதல் மூத்தோருக்கான அரசுக் காப்பீட்டில் இருப்பவர்கள் ஒரு வகை இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் தர வேண்டியதில்லை. கம்பெனிகளும் அதே வருஷம் விலையைத் தாங்களே பெரிய அளவில் குறைப்பதாக அறிவித்தன. குறைக்க முடிந்த விலைதான் என்றால் அதற்கு முன்னால் வாங்கியதை என்னவென்று சொல்வது?

நம் நாட்டுக்கும் இதே மாதிரி ஓர் அனுபவம் உண்டு. நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1970-இல் வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் பேரில் 2005-இல் அது போயிற்று. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசின் என்கிற சர்க்கரை மாத்திரையின் காப்புரிமை முடிந்தபோது, 60 ரூபாய்க்குப் பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்த மாத்திரை பத்து ரூபாய்க்கும் குறைவாகக் கடைக்கு வந்தது. நேற்று கட்டுபடியாகாதவன் இன்று கட்டுபடியாகிறவன் ஆனான். அவன் சம்பளம் ஒரு காசு ஏறவில்லை.

விலை என்பது ஒரு தீர்மானம், இயற்கை அல்ல என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஆனால் விலையை இல்லாமலே ஆக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா? அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று எல்லோருக்கும் இலவச வைத்தியம் வந்தது. மூன்றே வருஷத்தில் மூக்குக் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் காசு வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதை உண்டாக்கிய அன்யூரின் பெவன் மந்திரிசபையை விட்டே வெளியேறினார். அற்பக் காசுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டவர்கள் உண்டு. அற்பக் காசுதான், ஆனால் ஒரு காசு வாங்க ஆரம்பித்ததும் யாரிடம் வாங்கக் கூடாது என்று ஜாபிதா தயாரிக்க வேண்டி வருகிறது. 1968-இல் தயாரான அந்த ஜாபிதாவில் மருந்து சாப்பிடும் சர்க்கரை வியாதிக்காரன் இருந்தான். இங்கிலாந்தில் இன்றும் அவனுக்கு எல்லா மருந்தும் இலவசம். ஆஸ்துமாக்காரன் இல்லை, வியாதியின் பேரில் அவனுக்கு விலக்குக் கிடையாது. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்கும் என்று நான் நம்பவில்லை. கருணை ஜாபிதா போட ஆரம்பித்தால் விட்டுப்போகிறவன் ஒருவன் இருந்தே தீருவான்.

இலங்கைக்காரர்கள் வேறொரு வழியாகப் போனார்கள். சேனக பிபிலே 1971-இல் அரசு மருந்துக் கூட்டுத்தாபனத்தை நிறுவியபோது, அவசியமான மருந்து எது என்று தீர்மானித்து, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் சொந்தப் பெயரிலேயே தேசத்துக்கு மொத்தமாக வாங்குவது என்று ஆரம்பித்தார். அந்தச் சின்ன நாட்டில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் பணப்பையைத் தொட வேண்டியதில்லை என்பது கொழும்புக்காரனுக்கும் யாழ்ப்பாணத்துக்காரனுக்கும் பொதுவாக இருந்த ஒரே விஷயமோ என்னவோ. ஆனால் 2022-இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மருந்து அலமாரிகள் காலியாயின. இலவசம் அப்போதும் இருந்தது. கொடுக்கத்தான் மருந்து இல்லை.

தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் இதே காரியத்தைத்தான் செய்கிறது. பட்டியல், மொத்த டெண்டர், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம். கேட்க சுவாரசியம் இல்லாத ஏற்பாடு. எந்தத் தலைவர் படமும் இதனால் பெரிதாகப் பிரபலமாகவில்லை. ஆனாலும் மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறதென்றால் அதற்கு இந்தச் சுவாரசியமின்மைதான் காரணம் என்று நினைக்கிறேன். 2009-இல் வந்த காப்பீட்டுத் திட்டம் நேர் எதிர். அது ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கானது. வெட்டு, தையல், டயாலிசிஸ் இவற்றுக்கானது. அட்டை கொடுத்தார்கள், அதைக் கையில் வைத்துப் பார்க்க முடிந்தது. எடுத்த காலுக்குப் பில் போடலாம். எடுக்காமல் தப்பிய காலுக்கு யார் பில் போடுவார்கள்? தினசரி மாத்திரையின் வெற்றி என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பது. ஒன்றும் நடக்காததற்கு நன்றி சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. அதனால் அதற்குச் செலவழிக்கிற அரசாங்கத்தை, எந்தக் கட்சியானாலும், கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அப்படிப்பட்டது. ஒரு பெண் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள்.

இதன் பெருமை மலையில் இருப்பவனுக்குத்தான் தெரியும். இங்கே மாத்திரையின் விலை ஒருபோதும் மாத்திரையின் விலையாக இருந்ததில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். தோட்டத் தொழிலாளிக்கு முதலாளியே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று 1951-இல் ஒரு சட்டம் சொன்னது. அதுவும் ஏக்கரையும் ஆள் எண்ணிக்கையையும் எண்ணிய சட்டம். சின்னத் தோட்டத்தில் நாள் கூலிக்குப் பழம் எடுப்பவள் எந்த எண்ணிக்கையிலும் வரமாட்டாள்.

அப்படி ஒருத்தி என் பக்கத்து வீட்டுக்காரி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாதா மாதம் மாத்திரை வாங்குகிறாள். ஒரு நாள் அவள் திண்ணையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் மாத்திரைகளை இரண்டிரண்டாக நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பாதி அவளுக்கு, பாதி அவள் வீட்டுக்காரருக்கு. அவருக்கும் சர்க்கரை இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பெயர் பதிவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. சுமை தூக்குகிறவர். வியாதிக்காரன் என்று தெரிந்தால் மேஸ்திரி மூட்டைக்குக் கூப்பிடமாட்டான் என்கிறார். அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நடக்காது என்று சொல்லவும் என்னால் முடியாது. ‘இப்படிச் சாப்பிட்டா ரெண்டு பேருக்கும் கேக்காதே அக்கா’ என்றேன். ‘ஒரு வூட்டுல ஒருத்தர் தின்ன ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கறது எப்படிங்க சார்?’ என்றாள்.

அவளுடைய வாதத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியவில்லை. ரேஷன் அரிசி வந்தால் பங்கு போடுவது தர்மம். மாத்திரை வந்தால் பங்கு போடுவது அறியாமை என்று நாம் அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தோம்? அரிசிக்கு வீடு கணக்கு. மருந்துக்கு ஆள் கணக்கு. அரசாங்கம் இரண்டையும் ஒரே கையால் கொடுக்கிறது. வாங்குகிறவளுக்கும் ஒரே கைதான். அந்த அரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமையும் கேழ்வரகும் விளைந்த மலை இது. 2011 ஜூனிலிருந்து அட்டைக்கு அரிசி விலையில்லாமல் வருகிறது. பசியைத் தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் மூன்று வேளையும் அரிசி என்று ஆன பிறகு ‘வாயைக் கட்டத் தெரியாதா’ என்று டாக்டர் அவளிடம் கேட்பதில் ஒரு கோணல் இருக்கிறது. டாக்டர் கேட்பது கட்டுப்பாடு, கடைக்காரன் சொல்வது கட்டுபடி. இரண்டு சொல்லுக்கும் நடுவில் அவள் கேழ்வரகு விலையை விசாரித்துவிட்டு அரிசியை உலையில் போடுகிறாள். 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மனக்கட்டுப்பாடு போய்விட்டது என்று நம்புவது கஷ்டம்.

மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடம் நான் சொல்ல வேண்டுமா? சொன்னால் அவள் நல்லவிதமாகத்தான் எடுத்துக்கொள்வாள், ஆனால் வீட்டுக்காரர் பெயர் புத்தகத்தில் ஏறும். சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் பாதி வைத்தியம், அதாவது வைத்தியமே இல்லை. ஒருவனுடைய உடம்புக்கு நல்லது என்பதற்காக அவன் மறைக்க விரும்பியதை வெளியே சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டேன். பென்ஷனிலிருந்து வந்தது என்பதுதான் நேர்மையான பதில். என் வியாதியை ஊருக்கே சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் தெரிந்தால் எனக்கு எதுவும் குறையாது. அவருக்குக் குறையும். மருந்தை இலவசமாக்கிய பிறகும் வியாதியை ஒப்புக்கொள்வதற்கு ஒரு விலை மிச்சம் இருக்கிறது. அதை எந்தத் தேசத்துத் திட்டமும் இதுவரை கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவரிடமே பேசினேன். என் வீட்டுத் திண்ணையில் வைத்து என் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தோம். எண்ணைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘பழம் எடுப்பு முடியட்டும் வாத்தியாரே, பேரு குடுத்துடறேன்’ என்றார். பழம் எடுப்பு இந்த வருஷம் தை கடைசி வரைக்கும் போகும் என்கிறார்கள்.