கண்ணுக்கும் ஒரு செறிப்பு



காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு ஊற்று, செறிப்பு என்னும் தத்துவங்களை விளக்க வயல் வரப்பே போதும். வாய்க்காலில் நீர் வந்ததும் மடையைத் திறக்கிறோம்; வேண்டிய அளவு பாய்ந்ததும் மண் வெட்டிப் போட்டு அடைக்கிறோம். அடைக்காவிடில் நாற்று அழுகும். வினைகள் உயிரிடம் வந்து சேர்வது ஊற்று. அவ்வாயிலை அடைப்பது செறிப்பு.

இன்று இளையோர் கையிலுள்ள செல்பேசிக்கு அடைக்கும் மடையே இல்லை. 2006இல் அசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கம் முடிவுறாது கீழே ஓடிக்கொண்டேயிருக்கும் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் அவரே அதற்கு வருந்தினார். முடிவு என்று ஒன்றிருந்தால்தானே எழுந்திருக்கத் தோன்றும்?

எனினும் பழி முழுவதையும் கருவியின்மீது சுமத்துதல் எனக்கு உடன்பாடன்று. கரந்தை, மன்னார்குடி, கும்பகோணம், தீபங்குடி ஆகிய ஊர்களில் ஜினாலயங்கள் நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளோ சென்னை, பெங்களூர் எனப் பிரிந்துள்ளனர். அவர்தம் முகத்தை நமக்குக் காட்டுவது அக்கருவிதானே!

துன்பம் புகும் இடம் வேறு. சென்னையில் சகோதரிகள் கூடி மகிழும் படம், ஊரில் மூத்தோருக்குத் துணையாயிருக்கும் பெண்ணின் கைக்கு வருகிறது. 'நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே' என்று அவள் உள்ளம் வாடுகிறது. வாடிய உள்ளம் மீண்டும் அப்படத்தையே நாடுகிறது. உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கூறும் ஆர்த்தத் தியானம் இதுவே. விரும்பியது பிரிந்ததற்கு வருந்துதலும், வாராத இன்பத்தை நச்சுதலும் அதன் வகைகள். 2013இல் உளவியலாளர் சிலர் இவ்வேக்கத்தை ஆராய்ந்து, உறவின் நெருக்கம் முதலிய மனத்தேவைகள் நிறைவேறாதவரிடமே இது மிகுதி எனக் கண்டனர். ஆகவே அப்பெண்ணை வைவதில் பயனில்லை. அவளோடு பேச வீட்டில் யாருக்கு நேரமிருக்கிறது?

நம் முன்னோர் திக்விரதம் ஏற்று, இத்திசையில் இவ்வளவு தொலைவே செல்வேன் என வரையறுத்தனர். தேசவிரதத்தால் அவ்வெல்லையைக் குறித்த காலத்திற்கு மேலும் சுருக்கினர். இன்று உடல் திண்ணையை விட்டு அசைவதில்லை. கண்ணோ பத்துத் திசையும் சுற்றுகிறது. கதிரவன் மறையுமுன் உண்டு முடித்துக் கலம் கவிழ்க்கும் நம் இல்லங்களில், கண் மட்டும் நள்ளிரவு வரை உண்பது முறையா?

கலம் கவிழ்க்கும் அவ்வேளையில் செல்பேசியையும் வேறறையில் வைத்து, இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமருங்கள். முதல் சில நாள்கள் கை அதைத் தேடும், தேடட்டும். பிள்ளைகளை மட்டும் அமர்த்திவிட்டுப் பெரியவர்கள் தொலைக்காட்சிக்குச் சென்றுவிட வேண்டா. தாயும் பாட்டியும் அப்பெண்ணின் அருகிலேயே அமர்க.