ஆசிரியருக்குப் பாடம் சொல்லும் பிள்ளைகள்



சீலோவிலே சாமுவேல் என்ற சிறுவனுக்கு ஆலய வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஏலி. ஆனால் அந்த இரவிலே கர்த்தர் பேசினது யாரோடு? பாடம் சொன்ன பெரியவரோடு அல்ல, பாடம் கேட்ட பிள்ளையோடு! காலையிலே ஏலி, "ஒன்றையும் மறைக்காமல் சொல்லப்பா" என்று கேட்டார். வந்ததோ தன் வீட்டுக்கே விரோதமான செய்தி. அப்படியும் அவர் பிள்ளையை அதட்டவில்லை, கர்த்தருடைய காரியம் என்று தலைவணங்கினார் (1 சாமு. 3). ஏலியிடத்தில் குறைகள் உண்டு. ஆனாலும் பிள்ளை சொன்னதைக் கேட்க அவருக்குக் காது இருந்தது. நமக்கு இருக்கிறதா?

பால்வாடியிலும் நர்சரி ஸ்கூலிலும் ஞாயிறு பள்ளியிலும் சின்னப் பிள்ளைகளோடு பாடுபடுகிற சகோதரிகளே, இந்தச் செய்தி முக்கியமாய் உங்களுக்கு.

1907-ம் வருஷம் ஜனவரி 6-ம் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பிலே, பள்ளி வயசு ஆகாத பிள்ளைகளுக்காக ஒரு வீடு திறக்கப்பட்டது. பொறுப்பெடுத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார், டாக்டருக்குப் படித்தவர். இவரே 1939-ல் நம்ம சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் வந்ததால் 1946 வரை இந்தியாவில் தங்கினார், கொடைக்கானலிலும் இருந்தார். இன்றைக்கு உலகமெங்கும் அறியப்பட்ட அந்த முறையை அவர் எங்கே கற்றார் தெரியுமா? பிள்ளைகளைப் பார்த்துத்தான்!

முதலாவது, காத்திருக்கக் கற்றுக்கொண்டார். ஏறக்குறைய 3 வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் கட்டையின் குழிகளில் பொருத்துகிறாள், எடுக்கிறாள், மறுபடியும் பொருத்துகிறாள். மற்றப் பிள்ளைகளைப் பாடவைத்தும் அவள் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தும் நிறுத்தவில்லை. 40 தடவைக்குமேல் செய்துமுடித்து சந்தோஷமாய் நிமிர்ந்தாள். "சின்னதுக்கு நிலைச்ச புத்தி ஏது?" என்கிறோம். புத்தி இல்லையா, நாம இருக்க விடுகிறதில்லையா? நம்ம ஜெபத்தைப் பாருங்கள்! முழங்கால் போட்டு 5 நிமிஷம் ஆகுமுன்னே கண் கடிகாரத்தைத் தேடுகிறதே!

இரண்டாவது, கனம்பண்ணக் கற்றுக்கொண்டார். ஒருநாள் சத்தமில்லாமல் மூக்கு சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். வேடிக்கையாய் நினைத்தாரே, பிள்ளைகள் சிரிக்கவில்லை! கவனமாய்ப் பார்த்திருந்து, கடைசியில் கைதட்டினார்கள். ஏன்? "மூக்கைத் துடை, அசிங்கம்" என்று திட்டினவர்கள் எத்தனையோ பேர். எப்படிச் செய்வதென்று மரியாதையாய்ச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவருமில்லை. பிரியமானவர்களே, பிள்ளைக்கும் மானம் உண்டு. நாலு பேர் முன்னால் அதன் தலையில் குட்டும்போது அந்த முகம் எப்படிச் சுருங்குகிறது, பார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது, நம்பக் கற்றுக்கொண்டார். ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். ஆசிரியை தாமதமாய் வந்து பார்த்தால், பிள்ளைகளே திறந்து சாமான்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாய்த் தெரிந்தது, தண்டிக்க நினைத்தார். அம்மையாருக்கோ, தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்ளப் பிள்ளைக்குத் தெரியும் என்று விளங்கியது. அதற்குப்பின் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி, தாழ்வான திறந்த அலமாரிகளை வைத்தார். காரியம் ஒன்றுதான், பார்த்த கண் வேறு!

"அப்படியானால் பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாதா பாஸ்டர்?" என்பீர்கள். அப்படியல்ல. பிள்ளை கிள்ளும், கடிக்கும், பொய்யும் சொல்லும். கூப்பிடுகிற சத்தம் யாருடையது என்று சாமுவேலுக்குத் தெரியவில்லை. மூன்று தரம் ஏலியிடம்தான் ஓடினான். இன்னார் கூப்பிடுகிறார் என்று சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர் தேவைப்பட்டார். அதுதான் ஆசிரியருடைய ஊழியம். ஆனால் யோசியுங்கள்: இராத்திரியில் மூன்று தரம் எழுப்பினவனை ஏலி விரட்டியிருந்தால், நாலாம் தரம் அவனுக்கு வழி சொல்வது யார்?

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. "பேசாதே, வாயை மூடு" என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை ஒருநாள் பேசாமலே போய்விடும். பதினாறு வயதில் அதற்குப் பெரிய பாரம் வரும்போது, நம்மிடம் வந்து சொல்லுமா? ஐந்து வயதில் சொன்னதைக் கேட்டவர்களிடம்தானே சொல்லும்! எழுப்புதலுக்காக உபவாசம் இருக்கிறோம், ஸ்தோத்திரம்! நம்ம வீட்டுப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு யாருக்காக எழுப்புதல்?

யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் ஒரு ரபியை நிறுத்தவில்லை, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவர்கள் நடுவிலே நிறுத்தினார் (மத். 18). வரும் ஞாயிற்றுக்கிழமை, பாடம் ஆரம்பிக்குமுன் நாற்காலியை ஒதுக்கிவிட்டு பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். பத்து நிமிஷம் அவர்கள் பேசட்டும்; நீங்கள் கேளுங்கள். தகப்பன்மாரே, தாய்மாரே, வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.

கேட்கிற காதையும், தாழ்மையுள்ள இருதயத்தையும் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக. ஆமென், அல்லேலூயா!