திரும்பி ஏறும் பாதை

கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வட்டக்கானல் என்றொரு சிற்றூர். அங்கிருந்து டால்பின் நோஸ் என்னும் பாறைமுனைக்கு ஒரு நடைபாதை போகிறது. மலையில் நடப்பதென்றால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம் என்றே நம் மனம் எண்ணிக்கொள்ளும். இந்தப் பாதையில் அது தலைகீழ். போகும்போது இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். விடுமுறைக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும் இதில் ஒரு பகல்பொழுது நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாமும் அவர்களோடு, அவசரம் இல்லாமல், மெல்ல நடந்து பார்ப்போம்.

இறங்கும்போது கால் தானாகப் போகிறது. மரவேர்கள் படிகளாகக் கிடக்கின்றன. முன்னால் ஏதோ காத்திருக்கிறது என்ற ஆசை உடம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஆசை முன்னால் நடக்கும்போது களைப்பு தெரிவதில்லை. பக்கத்தில் வருபவரும் தெரிவதில்லை. "என்னங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. கணவர் நிற்கிறார். மனம் நிற்பதில்லை. அது எப்போதோ பாறைமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பாறைமுனையில் சில நாள் பள்ளத்தாக்கு முழுதும் விரிந்து கிடக்கும். சில நாள் வெண்மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மேகம் நம்மைக் கேட்டு வருவதில்லை. நம்மைக் கேட்டு விலகுவதும் இல்லை. மூடியிருந்தால் மனம் வாடுகிறது. திறந்திருந்தால் மகிழ்கிறது. ஆனால் அந்த மகிழ்ச்சியில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது? நாலு படம் எடுத்து முடியும்வரை தங்குகிறது. பிறகு, அடுத்து எங்கே என்று கேட்கத் தொடங்குகிறது. கிடைக்காத ஆசை வாட்டமாகிறது. கிடைத்த ஆசை அடுத்த ஆசையாகிறது. வாட்டத்தையும் மகிழ்ச்சியையும் அமைதியாகப் பார்த்திருந்தால் இது நமக்குப் புரியும்.

இனித் திரும்ப வேண்டும். இப்போதுதான் மலை தன் பாடத்தைத் தொடங்குகிறது.

கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று, கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அடர்த்தி குறைந்தது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. பேச்சு குறைகிறது. பேசினால் மூச்சு போதவில்லை. மூச்சு வாங்கினால் பேச முடியவில்லை. மெல்ல நடப்பவர் முன்னே போகட்டும், வேகமாக நடப்பவர் பின்னே வரட்டும் என்பது மலையேறுபவர்களின் வழக்கம். அதன்படி மனைவி முன்னே போகிறார். கணவர் பின்னே வருகிறார். மனைவியின் நடையே இப்போது இருவருடைய நடை.

முன்னால் பார்க்க எதுவும் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. ஓடிப்போக ஓர் இடம் இல்லாத மனம், துள்ளிக் களைத்த கன்று தாய்ப்பசுவிடம் வருவதுபோல, மூச்சிடம் வந்து சேர்கிறது. ஓர் அடி, ஒரு மூச்சு. மறுபடியும் ஓர் அடி, ஒரு மூச்சு. அப்போதுதான் சோலைமரங்களில் படிந்திருக்கும் பாசி கண்ணில் படுகிறது. எங்கோ நீர் கசியும் ஒலி காதில் விழுகிறது. முன்னே போகிறவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தக் கல்லில் கைகொடுக்க வேண்டும் என்பது கேட்காமலே தெரிகிறது. இறங்கும்போதும் இவையெல்லாம் இங்கேதான் இருந்தன. இல்லாமல் இருந்தது நாம்தான்.

இப்படி இருந்தும் கண்ணில் படாமல் போவது இன்னொன்றும் உண்டு. இந்த மலைகளில் குறிஞ்சிச் செடி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018இல் பூத்தது, விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்தது. அந்த விதைகளிலிருந்து எழுந்த செடிகள் 2030இல் பூக்கக் காத்திருக்கின்றன. பூக்கும் பருவத்தில் மலை நிறையக் கூட்டம். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பசும்புதரைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை. ஆனால் செடி வேர்பிடிப்பதும், தண்டு தடிப்பதும், மழையைக் குடித்து வளர்வதும் யாரும் பார்க்காத அந்த ஆண்டுகளில்தான்.

இல்லறமும் அப்படித்தான். அகவாழ்வும் அப்படித்தான். ஆசை இழுத்துச் சென்ற நாட்கள் சில. இழுக்க எதுவும் இல்லாமல், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி ஏறும் நாட்கள் பல. அந்தப் பல நாட்களை வெறும் திரும்பும் வழி என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அமைதியைத் தேடி அடுத்த பாறைமுனைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அது தேடிப்போகும் தொலைவில் இல்லை. எடுத்துவைக்கும் அடியில் மனம் இருந்தால், அந்த அடியிலேயே அது இருக்கிறது.

இதை அறிய மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பலன் உடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையை நாளை எடுத்துக்கொள்வோம். உடன் இருப்பவர் மெல்லச் செய்தால் நாமும் மெல்லச் செய்வோம். மனம் முதலில் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். அதை அதட்ட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். மூச்சோடு நாம் இருந்தால் போதும்; சிறிது நேரத்தில் மனமும் நம்மோடு நடக்கத் தொடங்கும்.