குலுக்கலும் மருத்துவ அறமும்

ஒரே நோயுற்ற இருவர் மருத்துவரை நாடி வருகின்றனர். ஒருவருக்கு ஒரு சிகிச்சை, மற்றவருக்கு வேறொன்று. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இதனைக் கேட்டதும் நம் உள்ளம் துணுக்குறும். உயிரோடு சூதாடுவதா என வினவத் தோன்றும். விடை காண, சென்னையில் நடந்த ஓர் ஆய்வை நினைவுகூர்தல் நலம்.

1956ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோயாளிக்குச் சானடோரியத்தில் நல்ல காற்றும் சத்துணவும் முழு ஓய்வும் தருவதே சிறந்தது என்பது அக்கால நம்பிக்கை. ஆனால் நோயாளிகளோ மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில. வீட்டிலிருந்தே மருந்துண்டால் போதாதா?

மருத்துவரே பிரித்திருந்தால், இரக்கத்தால் மிக நலிந்தவரைச் சானடோரியத்திற்கு அனுப்பியிருக்கக்கூடும். பின்னர் விளைவு வேறுபட்டால், அது சிகிச்சையாலா, நோயின் கடுமையாலா என்று அறிய இயலாது. குலுக்கலோ முகம் பார்ப்பதில்லை. எனவே ஏறத்தாழ 190 நோயாளிகள் அம்முறையில் பிரிக்கப்பட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தோர்க்கு உணவும் ஓய்வும் குறைவு. வாழ்விடம் நெருக்கடி மிக்கது. ஆயினும் 1959இல் வெளியான முடிவின்படி, அவர்கள் நலமடைந்த அளவு ஏறக்குறைய மற்றவர்க்கு ஒப்பாகவே இருந்தது. தொடர்ந்து கவனித்ததில், உடன் வாழ்ந்த குடும்பத்தாரிடமும் நோய் மிகுதியாகக் காணப்படவில்லை. அதன்பின் வீட்டுச் சிகிச்சை பல நாடுகளிலும் வழக்கமாயிற்று.

இனி அறத்திற்கு வருவோம். தாழ்ந்தது எனத் தெரிந்தே ஒரு சிகிச்சையை அளிப்பது குற்றம், ஐயமில்லை. ஆனால் எது மேலானது என உண்மையிலேயே தெரியாதபோது, குலுக்கல் எவருக்கும் அநீதி செய்வதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டு ஆயிரம் பேருக்கு மருந்தளிப்பதும் ஒரு சோதனையே. கணக்கு வைக்காத சோதனை. அதில் விளையும் தீங்கு எவர் கண்ணிலும் படாது.

எனினும் குலுக்கலுக்கும் வரம்புண்டு. ஐயம் நேர்மையானதாக இருத்தல் வேண்டும். நோயாளி விவரம் அறிந்து மனமுவந்து இசைதல் வேண்டும். ஒரு பக்கம் தீங்கு தெளிவாகுமாயின் ஆய்வை நிறுத்துதல் வேண்டும். இம்மூன்றும் இல்லையேல், ஆய்வு என்னும் பெயரால் நடப்பது கொடுமையே.

“இம்மருந்தால் எனக்குக் குணமாயிற்று” என்று அன்பர் ஒருவர் கூறும்போது அவரை ஐயுற வேண்டியதில்லை. “இதனை உண்ணாதவர் என்ன ஆயினர்?” என்று கேட்போம். அக்கேள்வியில் அறிவும் உண்டு, அருளும் உண்டு.