வழிமறித்தலும் வினையும்

உயிர்கள் மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் இயற்றுவன வினையெனப்படும் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. அற்றாயின், ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. ஒருவர் தம் மோட்டார் வண்டியைக் குறுந்தெருவொன்றில் நிறுத்திப் பூட்டிவிட்டுத் திருக்கோயிலினுட் சென்று வழிபடுகின்றார். அத்தெருவின் உள்ளே ஒரு வீட்டில் மார்புநோயால் வீழ்ந்த முதியவரை ஏற்றிச்செல்ல வந்த ஊர்தி, அவ்வண்டியைக் கடக்கமாட்டாமல் நின்றுவிடுகின்றது. முதியவர் இறந்துபடுகின்றார். வழிபடுவாரது மனம் அப்பொழுது இறைவன்பால் இருந்தது. வாக்குத் திருப்பதிகம் ஓதிற்று. காயம் சந்நிதியிற் கைகுவித்து நின்றது. மூன்றும் நல்வினைக்கண் நிற்பத் தீவினை யாங்ஙனம் வந்தடையும் என்று வினவுவாருளர். இவ்வினா விளையாட்டன்று, ஆராய்தற்குரியதே.

ஆராயுமுன் காலத்தின் அருமையைச் சிறிது நோக்குவாம். விழுப்புர மாவட்டத்துக் கண்டாச்சிபுரம் போலும் ஊரில் ஒருவர்க்குக் கடுநோய் வருமாயின், முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத வழியுண்டு. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நம் மாநிலத்தில் 108 என்னும் எண்ணால் அழைக்கும் ஊர்தி தொடங்கப்பெற்றபின், நெடுவழியின் இடர் பெரிதும் குறைந்தது. குறையாதது கடைசி நூறடியின் இடரே. இதயத்துடிப்பு நின்றவர்க்குத் தக்க உதவி கிட்டாது கழியும் நிமிடம் ஒவ்வொன்றும், அவர் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதற் பத்துப் பங்கு வரை குறைத்துவிடும் என்பர் மருத்துவர். மூளையிற் குருதிக்குழாய் அடைபட்டார்க்கோ நிமிடந்தோறும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றனவாம். வண்டியை நிறுத்துவார் சொல்லும் சொல்லோ, "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்பதே!

இனி, முற்கூறிய ஐயத்திற்கு வருவாம். வேடன் ஒருவன் மான் செல்லும் வழியிற் கண்ணியைக் கட்டிவிட்டு வீட்டிற்சென்று உறங்குகின்றான். மான் அகப்படும்போது அவன் மனமும் வாக்கும் காயமும் ஒருங்கே உறக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தன. அதுபற்றி அவனைக் கொலைப்பழி நீங்கினானென்பார் யாருமிலர். வினை செய்யப்பட்டது கண்ணி கட்டிய பொழுதிலேயாம். பயன் பின்னர் முதிர்ந்தது. வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் இட்ட அப்பொழுதிலே மனமும் காயமும் தம் தொழிலைச் செய்து முடித்தன. பின்னர்ச் சந்நிதியில் நின்றமை முன்செய்ததனை அழிக்கவல்லதன்று.

வேடன் கொல்லக் கருதினான், இவர் கருதிற்றிலரே எனின், அவ்வேற்றுமை மெய்யே; அதனாற் குற்றத்தின் அளவு குறையும், குற்றம் ஒழியாது. திருவாரூர்த் தெருவில் மனுநீதிச் சோழர் மைந்தனது தேர்க்காலிற் பசுங்கன்று அகப்பட்ட வரலாறு நம்மனோர் அறிந்தது. கன்று தானே துள்ளி ஓடிவந்து புகுந்தது, அரசிளங்குமரன் கண்டிலன், கருதியதுமிலன். அமைச்சர் கழுவாய் போதும் என்றனர். அரசர் உடன்பட்டிலர். அக்குமரனோடு ஒப்பிடுங்கால் நம் வண்டிக்காரர் நிலை இன்னும் இழிந்ததன்றோ? தெருவின் ஒடுக்கம் அவர் கண்முன் கிடந்தது. எட்டரை அடி அகலமுள்ள தீயணைப்பு வண்டி இனி இவ்வழியிற் புகாதென்பதை உணரக் கணிதப் புலமை வேண்டா. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் பிறர்க்கு இடரும் தடையும் ஆமாறு வண்டியை விட்டுச்செல்லலாகாதென 122-ஆம் பிரிவில் விதித்தது. 2019-இல் அதனைத் திருத்தியபோது, தீயணைப்பு வண்டிக்கும் நோயாளர் ஊர்திக்கும் வழிவிடாதார்க்கு ஆறு திங்கள் வரையிற் சிறையேனும் 10,000 ரூபாய் தண்டமேனும் இரண்டுமேனும் உண்டென்று சேர்த்தனர்.

பிறிதொரு தடை, இதனினும் நுண்ணியது, சித்தாந்தத்தின் பெயராலேயே எழுப்பப்படுகின்றது. இறந்தவர் தம் பிராரத்தம் முடிந்தமையால் இறந்தார். ஊழ்வழி வருவதனை ஒரு வண்டியோ தடுக்கும், ஒரு வண்டியோ விளைக்கும்? இறைவன் வினைப்பயனை ஊட்டுதற்கு இவ்வண்டி கருவியாயிற்று, அவ்வளவே என்பர். நூல் கற்றார் வாயிலிருந்தே இது வருதல் வருந்தத்தக்கது. நுகர்வானுக்குப் பிராரத்தமாயது, செய்தானுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதனை இவர் மறந்தனர். ஒரு நிகழ்ச்சி இருவரைச் சாரும்போது இருவேறு கணக்கில் எழுதப்படுகின்றது. ஒருவரது ஊழ் மற்றொருவரது கையைக் கழுவும் நீராதல் எந்நூலிலும் இல்லை. அன்றியும் இன்னார்க்கு இன்ன பொழுதில் வினை முடியும் என்றறிந்தோன் இறைவன் ஒருவனே. அவ்வறிவு நமக்கில்லாதபோது நமக்குள்ள கடமை வழியைத் திறந்து வைத்தல் ஒன்றே.

இக்குற்றத்தின் வேர் யாது? கொடுமை என்று கூற யாம் ஒருப்படேம். வண்டி நிறுத்துவாருட் பலர் ஈரநெஞ்சினர். நோயாளரை நேரிற் காணின் தாமே தோளிற் சுமப்பர். அவர்க்கு அத்தெருவின் உள்ளே மாந்தர் உளர் என்பதே அப்பொழுது தோன்றிற்றில்லை. புறவிருள் பிற பொருளை மறைத்தாலும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது மறைக்கும் என உமாபதி சிவனார் திருவருட்பயனிற் காட்டிய இயல்பு ஈண்டு நன்கு பொருந்தும். தம் வண்டி, தம் விரைவு, தம் வழிபாடு என்பன நிரம்பிய நெஞ்சில் தெரு முழுதும் மறைந்தது, மறைந்ததென்பதும் தெரிந்திலது.

கண்டாச்சிபுரத்திற்கு அணித்தாயது திருக்கோவலூர். சேதிநாட்டு மன்னராய் அங்கிருந்து அரசுபுரிந்த மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் நாம் வியப்பது பெரும்பாலும் வேடத்தின்பால் அவர்க்கிருந்த அன்பினையே. பிறிதொன்றும் அதனுள் உண்டு. சுவடிக்கட்டுள் ஆயுதம் மறைத்து வந்த முத்தநாதன் தன் தொழிலை முடித்தபின், வீழ்கின்ற நாயனார் தத்தனுக்கு இட்ட கடைசிக் கட்டளை யாது? இவர் செல்லும் வழியில் எவரும் தடைசெய்யாமல் கொண்டுபோய் விடுக என்பது. செய்தி கேட்ட குடிகள் சினந்து வழியெங்கும் சூழ்ந்துகொண்டனர். அரசர் ஆணை இதுவென்று தத்தன் சொல்ல, அச்சினத்தோடும் அவர்கள் விலகி நின்றனர். வழி இடரின்றிக் கழிந்ததென்று தத்தன் மீண்டு வந்து கூறுமளவும் நாயனார் தம் உயிரை நிறுத்தி வைத்திருந்தார். தம்மைக் கொன்றவன் செல்லவும் வழி திறந்த ஊர் அது. உயிர் காக்க வருவார்க்கு நாம் வழி அடைக்கின்றோம். முத்தநாதனும் நாயனார் இறைவன் திருவடி எய்துதற்குக் கருவியானவனே. ஆயினும் அவனைக் குற்றமிலன் என்று எவரும் போற்றியதில்லை. கருவி என்னும் வாதத்திற்கு வேறு விடை வேண்டுமோ?

தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்தன, இடமில்லையே, என் செய்வது என்பது ஓரளவு நேரிய முறையீடே. ஆயினும் திருவண்ணாமலையிற் பதினான்கு கிலோமீட்டர் காலால் நடந்து மலைவலம் வர வந்த அன்பர், அரைக் கிலோமீட்டர் நடக்க அஞ்சி வீதி வாயிலில் வண்டியை நிறுத்துதல் நகைக்கும் இடமாகின்றது. தேர் வரும் நாளிற் பந்தலும் படியும் அகற்றி வீதியைத் துப்புரவாக்க நமக்குத் தெரியும்.

அகற்றாமையின் விளைவையும் கண்டிருக்கின்றோம். 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரியகோயிலில் யாகசாலைப் பந்தல் தீப்பற்ற, கூட்டம் வெளியேறும் வழியில் நெருக்குண்டது. நாற்பதின்மருக்கு மேல் மாண்டனர். ஆறு நாட் கழித்துத் தில்லி நகரத்து உபகார் திரையரங்கின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் எழுந்த தீயின் புகையால் 59 பேர் இறந்தனர். மிகுதியாக இருக்கை இடுதற்பொருட்டு அங்கே மேன்மாடத்து நடைவழி அடைக்கப்பட்டிருந்தது. இரண்டிடத்தும் உயிர்க்கு வேண்டியிருந்தது சில அடி வெற்றிடமே.

மெய்ப்பொருள் நாயனார் குருபூசை கார்த்திகைத் திங்கள் உத்திரத்தில் வருவது. திருவண்ணாமலைத் தீபமும் அத்திங்களிலேயே. அக்காலத்துக் கண்டாச்சிபுரம், திருக்கோவலூர், அறையணிநல்லூர் ஆகிய ஊர்களின் திருக்கோயிற் பொறுப்பாளர், வண்டிகள் ஊர்ப்புறத்தே நிற்க இடம் வகுத்து, வீதியிற் பன்னிரண்டடியேனும் எப்பொழுதும் வெறிதாய்க் கிடக்குமாறு சுண்ணாம்பாற் கோடிட்டு, அதனைக் காக்க இரண்டு தொண்டரை நிறுத்துவார்களாயின், அதற்காகும் செலவு ஒருநாள் பூமாலைச் செலவினும் மிகாது.