பிந்தி வரும் வேகம்

மிதியை அழுத்தியதும் ஒன்றும் நடப்பதில்லை. வண்டி போன வேகத்திலேயே போகிறது. இன்ஜின் கழித்துத் தள்ளும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும்; அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, இறுக்கி, இன்ஜினுக்குள் திணிக்க வேண்டும். அதற்கு ஒரு கணம் பிடிக்கிறது. பிறகு முதுகு சீட்டில் அழுந்துகிறது.

டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் அந்தத் தள்ளலைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய கணத்தின் மேல்தான் பிரியம். கேட்டாயிற்று, இன்னும் வரவில்லை.

*

இளவயதில் ஆசைப்பட்டது வேறு. போர்ஷே 911 டர்போ, 1975இல் வந்தது. பத்திரிகைப் படத்தில் பார்த்ததோடு சரி. அதன் தாமதம் பேர்போனது. வளைவுக்குள் நுழையும்போது மிதித்தது வளைவின் நடுவில்தான் வந்து சேரும். பயந்துபோய்க் காலை எடுத்தால் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும்.

அதற்கும் இரண்டு வருடம் முன்பு பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ. முன்பக்கத் தகட்டில் 'டர்போ' என்ற பெயரை இடவலம் மாற்றி எழுதியிருந்தார்கள். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும், ஒதுங்கிக்கொள்வார். அந்த வண்டி வெளிவந்த 1973இலேயே பெட்ரோல் நெருக்கடியும் வந்தது. 1,672 வண்டிகளோடு முடித்துக்கொண்டார்கள். ஒதுங்கச் சொன்னவரே ஒதுங்க வேண்டியதாயிற்று.

*

எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து தூத்துக்குடி துறைமுகம் ஒரு மணி நேரப் பயணம். பெட்டி பெட்டியாக என்னென்னவோ வந்து இறங்குகிறது. ஆனால் நான் ஆசைப்பட்ட மாதிரி வண்டி அங்கே இறங்காது. வெளிநாட்டில் ஓடிய கார் மூன்று வயதைத் தாண்டியிருந்தால் நாட்டுக்குள் வர முடியாது. வரக்கூடியதற்கும் மும்பைத் துறைமுகம்தான் வாசல்; விலையை மிஞ்சும் வரி வேறு. மிகப் பழைய விண்டேஜ் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. எண்பதுகளின் டர்போக்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை.

இந்தச் சட்டத்தின்மேல் ஒரு காலத்தில் கோபம் இருந்தது. இப்போது இல்லை. உலகம் முழுக்க அலைய வேண்டியிருந்த ஆசையை அது நம் நாட்டில் பூட்டிய வண்டிகளுக்குள் அடக்கிவிட்டது. தேடுகிற பரப்பு குறைந்ததும் மனசும் கொஞ்சம் உட்கார்ந்தது.

*

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 2004. ஔரங்காபாத்தில் பூட்டியது. 1.8 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன். நான்கு கதவு, பின்னால் பெரிய டிக்கி. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் ஐரோப்பாக்காரர் சிரிப்பார். ஆனால் ஆடி டி.டி.யில் உட்கார்ந்திருந்ததும் இந்த வம்சத்து இன்ஜின்தான். டர்போ பெட்ரோல் கார் என்றால் என்ன என்று நம்மூர் இளைஞர் பலர் தெரிந்துகொண்டது இதில்தான். இதன் தாமதம் போர்ஷேயைப் போலக் கொல்ல வராது. 2,000 சுற்றைத் தொடுவதற்குள் எழுந்துவிடும்.

கோயம்புத்தூரில் கிடைத்தது. எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டிய ஊர். செட்டிப்பாளையம் ஓடுதளத்துக்கு அவர் பெயர்தான். அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் அந்தப் பெருமை இல்லை, வெள்ளம். 2023 டிசம்பருக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் பழைய கார் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணியில நின்னுச்சா?" காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் பக்கம் ஆறு எது, ரோடு எது என்று தெரியவில்லை. கண்ணாடி மட்டத்துக்கு நீரில் நின்ற வண்டியையும் கழுவிக் காயவைத்து, சென்ட் அடித்து நிறுத்திவிட முடியும். ஏமாறாமலிருக்க ஒரு வழி உண்டு: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். யாரும் அவ்வளவு தூரம் கழுவியிருக்க மாட்டார்கள். சேற்றுக் கோடு அங்கே இருக்கும்.

*

டர்போவைப் பிரித்துப் பார்க்கத் தூத்துக்குடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. துறைமுக லாரிகளின் டர்போக்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பட்டறை. என் வண்டியிலிருந்து கழற்றியது அவற்றின் பக்கத்தில் குழந்தை மாதிரி கிடந்தது.

"அண்ணாச்சி, இது நம்ம லாரியில இருக்க சாமான்தான? அது கண்டெய்னரை இழுத்துக்கிட்டு ராப்பகலா ஓடுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு சீராட்டு?"

"லாரி ஓடுனா உனக்குச் சோறு தம்பி. இது ஓடுனா எனக்கு என்னன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு, தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ஆட்டம் இல்லை. "சாமான் நல்லாத்தான் இருக்கு. ஹோஸ்ல ஏர் லீக்கு. அதான் பிக்கப் இல்ல." கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு. அவ்வளவு சிரமப்பட்டு இறுக்கிய காற்று அது வழியாகச் 'சூ'வென்று போய்க்கொண்டிருந்தது.

*

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி வீணாகும் புகையை வேலைக்கு வைக்கலாம் என்று காப்புரிமை பெற்றது 1905இல். அப்போது நாசரேத்தில் மிஷனரி கேனன் மர்காஷிஸ் இருந்தார். 1876இல் வந்தவர், 1908இல் இறக்கும்வரை இங்கேதான். பள்ளிக்கூடத்தோடு கைத்தொழில் பள்ளியும் ஏற்படுத்தினார். ஏட்டுப் படிப்பு மட்டுமே வேதக்காரப் பிள்ளைகளுக்குப் போதாது என்று நினைத்திருப்பார் போலும். கையில் கிரீஸ் படிந்தவரை இந்த ஊர் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. அதற்கு அந்தப் பள்ளியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

*

ஆடிக்காற்றில் தேரி மணல் எழும்பும். குதிரைமொழித் தேரியின் சிவப்பு, மணலைப் போர்த்தியிருக்கும் இரும்புத் துருவின் நிறம். அது வேட்டியில், வாசலில், வேதப் புத்தகத்தின் ஓரத்தில் படியும். ஏர் ஃபில்டரிலும் படியும்.

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்வது. அந்த வேகத்தில் சுற்றும் மெல்லிய அலுமினிய இதழில் ஒரு மணல் துகள் மோதினால் அது கல்லடி. அதனால் ஆடி மாதத்தில் வண்டியை எடுப்பதே குறைவு. ஃபில்டர் பெட்டியைத் திறந்து, எடுத்து, தட்டினால் திண்ணையில் சிவப்பாக ஒரு சிறு குவியல் விழுகிறது. அவ்வளவும் உள்ளே போகாமல் நின்றது. தடுத்ததை எண்ணிப் பார்க்க நமக்கு வேறு எங்கே வாய்க்கிறது?

*

நிறுத்தும்போதும் காத்திருக்க வேண்டும். ஓட்டி வந்ததும் சாவியைத் திருப்பினால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். அனலாகக் காய்ந்த டர்போவுக்குள் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். தண்ணீரும் சுற்றிக் குளிர்விக்கிறதுதான். ஆனாலும் பழைய பழக்கம் நல்லது. வாசலில் இன்ஜினை ஓடவிட்டு ஓரிரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ரேடியோ போடுவதில்லை. போனை எடுப்பதில்லை.

ஜெபக்கூட்டத்துக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் ஜன்னலில் குனிந்து, "என்ன தம்பி, வீட்டுக்குள்ள போக மனசில்லையா?" என்று கேட்டார்கள். எண்ணெய் கருகும் கதையை விளக்கினேன். பாதியிலேயே, "சரி, சரி, ஜெபிச்சுக்கிறேன்" என்று நடந்துவிட்டார்கள்.

*

1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற வண்டி வந்தது. டர்போ வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. இன்ஜின் தட்டாமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனியாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ந்தால் சக்தி குறைந்துவிடும். நிறைய பேர் ஊற்றவே இல்லை. கடைசியில் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது. வேகம் வேண்டும், ஆனால் ஒரு பாட்டிலை நிரப்பப் பொறுமை இல்லை. அமெரிக்காவில் மட்டுமா அப்படி.

இப்போது நம் பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2004இல் இந்த வண்டியின் ரப்பர் குழாய்களைச் செய்தவர் இதை நினைத்திருக்க மாட்டார். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வாரக்கணக்கில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை: எத்தனால் இன்ஜின் தட்டுவதைத் தடுக்கும். டர்போவுக்கு அது நல்லது. குழாயை அரிப்பதும் இன்ஜினைக் காப்பதும் ஒரே சரக்கு.

*

2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயதான வண்டிதான் விண்டேஜ். அதற்குத் தனி எண் வரிசை, நடுவில் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு. என் வண்டி அந்த மரியாதைக்கு 2054 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது வெறும் பழைய கார். 15 வருடம் முடிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., பசுமை வரி. 20 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள்.

அதே ஆகஸ்ட் 4ஆம் தேதிதான் தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தார்கள். 400 ஏக்கர். மின்மோட்டாருக்குத் தாமதம் கிடையாது. மிதித்த கணமே முழு இழுப்பும் வந்துவிடும். நல்ல வண்டிகள்தான். பிள்ளைகள் அதைத்தான் வாங்குவார்கள், வாங்கட்டும். இடையில் ஒரு கணம் இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

*

குரும்பூர் சாலையில் இந்த வண்டியை முழுசாக விரட்ட இடமில்லை. வாழைத்தார் லாரி, ஆட்டு மந்தை, பள்ளிக்கூட சைக்கிள்கள், திருச்செந்தூருக்கு நடக்கும் பக்தர்கள். கடம்பாகுளம் தாண்டி எப்போதாவது ஒரு நீளம் கிடைக்கும். மூன்றாவது கியரில் மிதித்து, காத்திருந்து, அது வரும்போது காலை எடுத்துவிட வேண்டியதுதான். 150 குதிரையில் முக்கால்வாசி லாயத்திலேயே நிற்கிறது. வாங்கியபோது இது ஒரு குறையாகத் தோன்றியது. இப்போது இல்லை.

சாத்தான்குளத்திலிருந்து ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலை கேட்டார். கொடுப்பதாக இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. அதனால் டைமிங் பெல்ட், காயில், ஹோஸ் செட், எஃப்.சி., ஆர்.சி. என்று அடுத்த வருடச் செலவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆர்.சி.க்கு வருவதற்குள் அவர் வாழைத்தார் விலை பேச ஆரம்பித்துவிட்டார்.